வணங்காமுடியின் அச்சம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டவனை இந்த ஊருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செஞ்சி, மேல்மலையனூர், சேத்துப்பட்டு, திருவண்ணாமலை என்று அவலூர்பேட்டையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும், கோடைக்காலத்தில் ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறி பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் இருப்பதுதான் அம்மனின் ஆதிக்கோயில் என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட ஆய்வு நூல், தன் தலைப்பிலேயே குருக்ஷேத்திரத்துக்குப் பக்கத்தில் செஞ்சியின் பெயரை வைத்திருக்கிறது. விழாவின் உச்சம் படுகளம். மண்ணைக் குழைத்துப் பல ஆள் நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கக் கிடத்துகிறார்கள். முறுக்கு மீசை, பிதுங்கிய விழி, மார்பு நிறைய ஆபரணம். பீமன் வேடக்காரர் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்த மண்தொடையில் அடிக்கிறார். அங்கே புதைத்து வைத்திருந்த செந்நீர் வெளிப்பட, அம்மனின் விரித்த கூந்தல் முடியப்படுகிறது. கூத்தின் கடவுளருக்கும் பாண்டவருக்கும் இல்லாத இந்தப் பேருருவம் பகைவனுக்கு வாய்த்திருக்கிறது. அந்தப் பெரிய உடம்புக்குள் இருந்தது என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

துரியோதனன் ஏன் அப்படி நடந்துகொண்டான் என்று கேட்டால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, அவன் பொறாமைக்காரன். இன்னொன்று, அவனுக்குத் தாழ்வு மனப்பான்மை. இரண்டும் ஓரளவு உண்மை; இரண்டுமே போதாது. பொறாமை என்று சொல்லி நிறுத்தினால், அத்தினாபுரம் முழுவதையும் கையில் வைத்திருந்தவன் ஏன் பொறாமைப்பட்டான் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தாழ்வு மனப்பான்மை என்றால், அவன் தன்னைத் தாழ்ந்தவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கதாயுதத்தில் பலராமனே மெச்சிய மாணவன் அவன். என் வாதம் இது: துரியோதனன் தன் தகுதியைச் சந்தேகிக்கவில்லை. தன் இடம் நிலையானதா என்பதைத்தான் சந்தேகித்தான். தனக்கு உரியது என்று அவன் உறுதியாக நம்பிய ஒன்றை ஊரும் உறவும் உரியது என்று ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒப்புதலைத் தானாகப் பெற முடியாதபோது பிறரைக் குனியவைத்துப் பெறப் பார்த்தான். அவனுடைய ஆணவமும் கொடுமையும் அந்த இடத்தில் பிறந்தவை. இதை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தவில்லை. வியாசர் பெயரால் வழங்கும் வடமொழிப் பாரதத்திலும், திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்று சொல்லப்படும் வில்லிபுத்தூராரின் தமிழிலும், நம் கூத்திலும் இதற்குச் சான்று இருக்கிறது.

கூத்திலிருந்தே தொடங்குகிறேன். துரியோதனன் ஒரே பாய்ச்சலில் அரங்குக்குள் வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேலே தெரிகிறது. முகவீணை ஏறுகிறது, மத்தளம் முடுக்குகிறது. திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் வருகிறது, ஆளைக் காணோம். திரை விலகி அவன் கிறுகிறுவென்று சுற்றி வந்து நின்றதும் கட்டியங்காரன் எதிரே போய், நீர் யார், எந்த நாடு, என்ன பெருமை என்று கேட்கிறான். வணங்காமுடி மன்னன் தன் பெயரையும் கொடியையும் தம்பியர் எண்ணிக்கையையும் செல்வத்தையும் அடுக்குகிறான். இது கட்டை வேடம் கட்டிய எல்லாருக்கும் பொதுவான முறைதானே, தருமரும் இப்படித்தானே வருகிறார் என்று கூத்து தெரிந்தவர்கள் உடனே மறுப்பார்கள். மறுப்பு சரி. வேறுபாடு வருகையில் இல்லை, வந்த பிறகு நடப்பதில் இருக்கிறது. தருமர் ஒருமுறை தன்னைச் சொல்லிவிட்டுக் கதைக்குள் போய்விடுகிறார். துரியோதனனோ விடியும்வரை அந்த முதல் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். துகில் கூத்தாகட்டும், கிருஷ்ணன் தூதாகட்டும், பதினெட்டாம் போராகட்டும், நான் யார் தெரியுமா என்பதைத் தவிர அவன் சபையில் வேறெதையும் நிலைநாட்டுவதில்லை. அதைக் கேட்டுத் தலையாட்ட ஆள் இல்லாத இடத்தில் அவனால் இருக்க முடிவதும் இல்லை.

இதன் வேர் ஆதிபர்வத்தில் இருக்கிறது. அங்கே முதலில் வருவது, நமக்குச் சற்றே சங்கடம் தரும் ஒரு செய்தி. சிறுவயதில் முரடன் பீமன்தான். கௌரவச் சிறுவர்களின் முடியைப் பிடித்து இழுப்பான், தரையில் தேய்த்து இழுத்துப் போவான், பத்துப் பத்துப் பேராகத் தண்ணீரில் அமுக்குவான், அவர்கள் ஏறியிருக்கும் மரத்தை உதைத்துப் பழத்தோடு பையன்களையும் உதிர்ப்பான். அதில் பகை இல்லை, பிள்ளை விளையாட்டுதான் என்று காப்பியம் சமாதானம் சொல்கிறது. அமுக்கப்பட்டவனுக்கு அந்தச் சமாதானம் எட்டியிருக்காது. துரியோதனன் பீமனுக்கு நஞ்சூட்டிக் கங்கையில் தள்ளுவது இதற்குப் பிறகு. விளையாட்டுக்குக் கொலை பதிலாகாது. அந்த அளவு மீறலில்தான் அவன் யார் என்பது தெரிகிறது. ஆனாலும் அவன் பிறந்தபோதே நஞ்சோடு பிறந்தவன் என்ற எண்ணத்தோடு இந்த வரிசை ஒத்துப்போகவில்லை. அடுத்தது, போர்ப்பயிற்சி முடிந்து நடந்த அரங்கேற்றம். அருச்சுனன் வித்தை காட்டி முடித்ததும் கர்ணன் வருகிறான், குலம் கேட்கிறார்கள், அவன் தலை கவிழ்கிறது, துரியோதனன் அந்த இடத்திலேயே அவனை அங்க நாட்டுக்கு மன்னனாக்குகிறான். நட்பின் பெருமையாக நாம் கொண்டாடும் இந்தக் காட்சியை முடிக்கும்போது காப்பியம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறது: கர்ணன் கிடைத்ததும் அருச்சுனனைப் பற்றித் துரியோதனனுக்கு இருந்த பயம் விலகியது. அதற்கு முன் அவன் எந்தப் பயத்தோடு அந்த மேடையில் உட்கார்ந்திருந்தான் என்பதை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கணிக்கலாம்.

பயத்தின் பெயரை அவனே சொல்லும் இடம் அரக்கு மாளிகைக்கு முன்னால் வருகிறது. நாற்சந்திகளிலும் மன்றங்களிலும் நகரத்து மக்கள் பேசிக்கொள்கிறார்கள். திருதராட்டிரன் கண்ணில்லாதவன் என்பதால் முன்பே அரசு கிடைக்காதவன், இப்போது எப்படி அரசனாவான், பாண்டுவின் மூத்த மகனுக்கே முடிசூட்டுவோம் என்கிறார்கள். இந்தப் பேச்சு துரியோதனன் காதுக்கு வருகிறது. தந்தையைத் தனியே கண்டு அவன் வைக்கும் கணக்கு தெளிவானது. தருமன் அரசனானால் அவனுக்குப் பின் அவன் மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று போய்விடும். நாம் அரச வரிசையிலிருந்து கழிந்து, உலகம் இளக்காரமாகப் பார்க்க, அடுத்தவன் போடும் சோற்றில் வாழ வேண்டியிருக்கும். வீரம், செல்வம் எதைப் பற்றியும் இங்கே பேச்சில்லை. சோற்றைப் பற்றிய பேச்சு இது. பங்காளி வீட்டுத் திண்ணையில் கையேந்தி நிற்கும் நிலை வந்துவிடுமோ என்று ஓர் இளவரசன் நடுங்குகிறான். அந்த நடுக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. அவன் தந்தை மூத்தவர், ஆனால் அரசர் ஆகவில்லை. சிற்றப்பன் அரசரானார், பிறகு காட்டுக்குப் போய் இறந்தார். தந்தை இப்போது அரியணையில் இருக்கிறார், ஆனால் எந்த உரிமையில் இருக்கிறார் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. தருமன் இவனுக்கு மூத்தவன். எல்லாம் கையில் இருந்தும் எதற்கும் பட்டா இல்லாத குடியிருப்பு அது.

சபா பர்வத்தில் இந்தக் காயம் ஊர் பார்க்கத் திறந்துவிடுகிறது. இராசசூய யாகத்தில் வந்த திறைப் பொருள்களை வாங்கிவைக்கும் பொறுப்பைத் துரியோதனனிடம் கொடுத்தார்கள். மரியாதையாக நினைத்துக் கொடுத்திருக்கலாம். அவனோ, வாங்கி வாங்கிக் கை ஓய்ந்தது என்று பிறகு தந்தையிடம் சொல்கிறான். எந்த நாட்டார் எத்தனை குதிரை கொண்டுவந்தார்கள், யார் தந்தம் கொடுத்தார்கள், யார் கம்பளம் கொடுத்தார்கள், உள்ளே விடப்படாமல் வாசலில் காத்துக்கிடந்தவர்கள் யார் யார் என்று அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிக்கிறான். தன் செல்வத்தை இவ்வளவு துல்லியமாக அவன் எண்ணியதாக எங்கும் இல்லை. பிறகு மயன் கட்டிய மண்டபம். பளிங்குத் தரையை நீர் என்று நினைத்து ஆடையைத் தூக்குகிறான்; நீரைத் தரை என்று நினைத்து உள்ளே விழுகிறான்; சுற்றி இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். திரௌபதி சிரித்ததால்தான் பாரதப் போர் என்று ஊரில் பழமொழி போலச் சொல்வதுண்டு, கூத்திலும் அவள் சிரிக்கிறாள். ஆனால் புனே பண்டார்க்கர் நிறுவனம் 1919 முதல் 1966 வரை பல நூறு சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுப் பதிப்பில் ஒரு வேறுபாடு இருக்கிறது. கதை சொல்பவர் அந்த நிகழ்ச்சியை விவரிக்கும்போது சிரித்தவர்களாகப் பீமனையும் அருச்சுனனையும் இரட்டையரையும் சொல்கிறார். திரௌபதியின் பெயர் அங்கே இல்லை. அதே நிகழ்ச்சியைத் துரியோதனன் தன் தந்தையிடம் சொல்லும்போதுதான் கண்ணனும் சிரித்தான், பெண்களோடு சேர்ந்து திரௌபதியும் சிரித்தாள் என்று வருகிறது. அவன் பொய் சொன்னான் என்று நான் வாதிடவில்லை. அடிபட்டவன் காதுக்கு மண்டபம் முழுக்கச் சிரித்ததாகத்தான் கேட்டிருக்கும். யார் சிரித்தால் தன்னால் தாங்க முடியாதோ அவர்கள் சிரித்ததாகவே அது அவன் நினைவில் பதிந்துவிட்டது. ஒரு பெண்மீது சுமத்தப்பட்ட உலகப் பழி ஒன்று, காயம்பட்ட ஓர் ஆணின் வாக்குமூலத்தில் தங்கியிருக்கிறது என்பதை இந்த அம்மன் கோயில்களின் சீமையில் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்தவன் சகுனியிடம், தீயில் விழுவேன், நஞ்சு குடிப்பேன், நீரில் மூழ்குவேன், இனி உயிர் வாழ மாட்டேன் என்கிறான். நல்ல உடை, நல்ல உணவு, நல்ல குதிரை எல்லாம் இருக்க ஏன் வெளுத்து மெலிந்து போனாய் என்று தந்தை கேட்கிறார். பாரதியார் 1912இல் முதற்பாகம் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தில் இந்தப் பகுதியை விரித்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. சூதாட்டத்தின் விதை இந்தப் புலம்பல். அடுத்து நடந்த துகிலுரிதலை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், அது ஏன் அந்தப்புரத்தில் நடக்காமல் சபையில் நடந்தது என்பது விளங்கும். நாடு, செல்வம், ஆட்கள் எல்லாம் ஆட்டத்தில் வந்துவிட்டன. வெற்றி மட்டும் போதும் என்றால் ஆட்டம் அங்கே முடிந்திருக்கும். அவனுக்கு வேண்டியது எந்த மண்டபத்தில் தான் சிறுத்தானோ அதே போன்ற ஒரு மண்டபத்தில், பெரியவர்கள் பார்க்க, பாண்டவர்கள் சிறுப்பது. அதனால்தான் திரௌபதி நீதி கேட்கும்போது இவன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான். தன்னைத் தோற்ற கணவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்ற அவள் கேள்விக்குச் சபையில் யாரிடமும் விடையில்லை. விடையில்லாதவன் கையில் இருந்தது அவமதிப்பு ஒன்றுதான். நம் கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டியவர் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி வணங்கிவிட்டுத்தான் புடவையில் கைவைக்கிறார். அந்தச் செயல் எவ்வளவு கொடியது என்பதில் நம் கலைஞர்களுக்கு நாடகத்துக்காகக்கூட ஒரு கணம் தடுமாற்றம் இல்லை.

இதெல்லாம் அதிகார ஆசை, அச்சம் ஒன்றுமில்லை என்று சொல்பவர்களுக்கு வன பர்வத்தின் ஒரு பகுதியைக் காட்ட விரும்புகிறேன். பாண்டவர்கள் காட்டில் மரவுரியோடு இருக்கிறார்கள். இவனுக்கு எதிரி இல்லை, போட்டி இல்லை, பதின்மூன்று ஆண்டு கவலை இல்லை. அதிகார ஆசை என்றால் இந்த ஆண்டுகளில் அது அடங்கியிருக்க வேண்டும். ஆனால் அவன் நிம்மதியாக இல்லை. தன் செழிப்பை அவர்கள் பார்க்கவில்லையே என்பது அவன் குறை. கர்ணனும் சகுனியும் அதையே தூண்டுகிறார்கள். உன் மனைவியர் பட்டுடுத்திப் போய் மரவுரி உடுத்திய திரௌபதியைப் பார்க்கட்டும், அவள் மனம் நோகட்டும் என்கிறான் கர்ணன். மாட்டுப்பட்டிகளைப் பார்வையிடப் போவதாகத் தந்தையிடம் சாக்குச் சொல்லிவிட்டு, படை பரிவாரத்தோடு காட்டுக்குப் போகிறான். வழியில் கந்தர்வன் சித்திரசேனனிடம் சிக்கி, கடைசியில் அந்தப் பாண்டவர்களாலேயே மீட்கப்பட்டுத் திரும்புகிறான். திரும்பியவன் உண்ணாமல் கிடந்து உயிர்விடத் துணிகிறான். வென்றவன் தோற்றவனின் கண்ணுக்காக ஏங்குவதும், அந்தக் கண் இரக்கத்தோடு தன்னைப் பார்த்ததும் சாகத் துணிவதும் அதிகார ஆசையின் இலக்கணம் அல்ல. தன் மதிப்பு தன்னிடம் இல்லாமல் பகைவன் பார்வையில் அடகு கிடந்தவனின் நிலை அது. என் வாதத்துக்கு ஒரே ஒரு சான்றுதான் காட்டலாம் என்றால் நான் இந்தக் காட்டுப் பயணத்தைத்தான் காட்டுவேன்.

இங்கே உளவியல் படித்தவர்கள் எழுப்பும் மறுப்பு கனமானது, அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. பிறரை மிரட்டுபவன் உள்ளுக்குள் பயந்தவன் என்பது ஆல்ஃபிரட் அட்லர் காலத்திலிருந்து பரவிய கருத்து. பள்ளிகளில் மாணவர்கள் சக மாணவர்களை மிரட்டித் துன்புறுத்துவதை 1970களிலிருந்து ஆராய்ந்த டான் ஓல்வேயுஸ் இதைச் சோதித்துப் பார்த்து மறுத்தார். மிரட்டும் பிள்ளைகளிடம் மறைந்த பதற்றம் அதிகம் இல்லை, சராசரி அளவோ அதற்குக் குறைவாகவோதான் இருந்தது என்றார். 1996இல் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும், வன்முறைக்குக் காரணம் குறைந்த சுயமதிப்பு என்ற எண்ணத்துக்குச் சான்று போதாது என்று விரிவான கட்டுரை எழுதினார்கள். அப்படியானால் என் வாதம் உடைகிறதா? தாழ்வு மனப்பான்மைதான் காரணம் என்று நான் சொல்லியிருந்தால் உடைந்திருக்கும். பாமைஸ்டர் குழுவினர் கண்ட முடிவின் இன்னொரு பாதி, தன்னைப் பற்றி உயர்வாக எண்ணும் ஒருவனின் எண்ணத்தை வெளியார் யாராவது மறுத்து அசைக்கும்போது வன்முறை பிறக்கிறது என்பது. உயர்ந்த எண்ணமும் அதற்கு வரும் மறுப்பும் சேரும் இடம் ஆபத்தானது. நகரத்து மக்களின் பேச்சும் மண்டபத்துச் சிரிப்பும் துரியோதனனுக்குச் செய்தது இதைத்தான். ஓல்வேயுஸ் பார்த்த பிள்ளைகளில் பலர் எதற்கும் அஞ்சாமல் பிறரை வதைத்திருக்கலாம். உலகத்துக் கொடியவர்கள் எல்லாரும் துரியோதனர்கள் அல்லர். என் கூற்றை இந்த ஒருவனுக்கு மேல் நீட்ட நான் விரும்பவில்லை, நீட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இன்னொரு மறுப்பு தமிழர்களின் மனத்துக்கு நெருக்கமானது. கர்ணனும் துரியோதனனின் மனைவியும் சொக்கட்டான் ஆடும்போது அவள் மேகலையில் கைபட்டு முத்துகள் சிதறிய கணத்தில் உள்ளே வந்த துரியோதனன், துளியும் ஐயப்படாமல் முத்துகளைப் பொறுக்கித் தர முன்வந்தான் என்ற கதை. 1964இல் வந்த கர்ணன் படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. உள்ளுக்குள் உறுதியில்லாத ஆண் முதலில் சந்தேகப்படுவது மனைவியைத்தானே, இவனோ இமைகூட அசையாமல் நின்றான், இவனிடம் எங்கே அச்சம்? கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துப் பெருவிருத்தி மலைநடையில் அவனைத் தெய்வமாக வணங்குகிறார்களே, சும்மாவா? நல்ல கேள்விகள். அச்சம் என்பது ஆள் முழுக்கப் பரவிக் கிடக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. துரியோதனனின் அச்சத்துக்கு ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு: அரச உரிமை, அதில் தனக்கு நிகரான பங்காளிகள். அந்த எல்லைக்கு வெளியே அவன் தாராளமானவன், நம்பிக்கையானவன், சில வேளைகளில் பேரழகன். கர்ணனுக்கு நாடு கொடுத்தவன் அவன். கர்ணனின் உயர்வு அவனுடைய கொடையாக இருக்கும்வரை அது அவனைச் சுடாது. கொடுக்கும் இடத்தில் நின்றபோதெல்லாம் துரியோதனன் பெரிய மனிதன். சமமாக நிற்க வேண்டிய இடத்தில்தான் அவன் சிறியவனானான். ஐந்து ஊர் கேட்டபோது ஊசிமுனை நிலமும் இல்லை என்றவனுக்கு நிலத்தின்மீது ஆசை என்று நினைக்காதீர்கள். கேட்டது யாசகமாக இருந்திருந்தால் ஐம்பது ஊர் கொடுத்திருப்பான், உரிமையாகக் கேட்டார்கள்.

கர்ணனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சபையில் திரௌபதியை மிக இழிவாகப் பேசியவன் துரியோதனன் அல்லன், கர்ணன். கொடைவள்ளல் என்று நாம் கண்ணீரோடு பார்க்கும் அதே கர்ணன். கர்ண மோட்சக் கூத்தில் பொன்னுருவி குலத்தைச் சொல்லிக் கணவனை ஒதுக்குகிறாள். போருக்குப் போகும் நாளிலும் அந்த முள் அவன் உடம்பில் இருக்கிறது. பிறப்பின் பெயரால் வாழ்நாள் முழுதும் குத்தப்பட்டவன், குத்துவதற்கு ஒருத்தி கிடைத்ததும் அவளுடைய மதிப்பின் மீதே கைவைத்தான். இருவரின் நட்பையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் அது முத்துக் கதையைவிடச் சோகமானது. ஒருவன் காயத்தை ஒருவன் ஆற்றவில்லை. ஒருவன் காயத்துக்கு ஒருவன் ஆயுதமானான்.

அச்சத்தைக் காட்டிவிட்டால் குற்றத்தை மன்னித்ததாகிவிடாதா என்ற மறுப்புக்கு நான் மேடைக்கு அழைக்கும் ஆள் விதுரன். அதே அரண்மனை, அதே தலைமுறைக் குளறுபடி. பணிப்பெண் வயிற்றில் பிறந்ததால் அரியணைப் பக்கம் எட்டிப்பார்க்கவும் வழியில்லாதவன். இடமின்மையைப் பற்றிப் பேசத் துரியோதனனைவிடத் தகுதியுள்ளவன். அவன் யாரையும் வதைக்கவில்லை. திரௌபதிக்காகச் சபையில் எழுந்து பேசிய விகர்ணனோ துரியோதனனின் உடன்பிறந்த தம்பி. அண்ணனுக்கு இருந்த ஆபத்து எல்லாம் அவனுக்கும் இருந்தது. ஆக, அச்சம் அந்த வீட்டில் பலருக்குப் பொது. அதைக் கொடுமையாக மாற்றியது துரியோதனனின் தெரிவு, அந்தத் தெரிவுக்குச் சகுனி கொடுத்த வழி, தந்தை கொடுத்த செல்லம், பெரியவர்கள் கொடுத்த மௌனம். படுகளத்தில் அடி விழத்தான் வேண்டும். அடி விழுந்த பிறகு அவன் மனைவி பெருந்திருவாள் வந்து அழும் ஒப்பாரியையும் நம் ஊர்கள் நிறுத்திவிடவில்லை. அவன் கலியின் அம்சம், பிறக்கும்போதே நரி ஊளையிட்டது, அதனால் கெட்டான் என்று கதையை முடித்துக்கொள்ள வழி இருந்தது. அந்த வழியை எழுதிவைத்த காப்பியமே அதோடு நில்லாமல், நகரத்து மக்களின் பேச்சையும் சோற்றுக் கவலையையும் மண்டபத்துச் சிரிப்பையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. காரணம் தேடாமல் வில்லனை வெறும் சிரிப்புச் சத்தமாக்கிவிட்ட பல நூறு திரைப்படங்களைவிட, காப்பியத்திடமும் கூத்திடமும் மனிதரைப் பற்றிய மரியாதை அதிகம்.

கடைசியாக, அந்தப் பெரியவர்களின் மௌனத்தைப் பற்றி. கண்ணன் தூது வந்தபோது விதுரன் வீட்டில் தங்கினான் என்பதற்காக, துரியோதனன் தன் சிற்றப்பனின் பிறப்பைச் சபையில் இழித்துப் பேசினான். விதுரன் தன் வில்லை முறித்துப் போட்டுவிட்டான் என்கிறார் வில்லி. தன் இடத்தைப் பற்றிய கேள்விக்கு வாழ்நாள் முழுதும் அஞ்சியவன், அதே கேள்வியை இன்னொருவர்மீது வீசி, தன் பக்கத்து வில் ஒன்றைப் போருக்கு முன்பே இழந்தான். வியாசர் பாரதத்தின் உத்தியோக பர்வத்தில் இதைவிடக் கனமான ஒன்று வருகிறது. தூது தோற்கும் தறுவாயில் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சபையில் வாய் திறக்கிறார்கள். இந்த அரசு பாண்டுவுடையது, அவன் பிள்ளைகளுக்கே உரியது என்று தாய் காந்தாரி மன்னர்கள் முன்னிலையில் சொல்கிறாள். அதன் பிறகு திருதராட்டிரன் பேசுகிறான். குலத்தின் பழைய கதைகளைச் சொல்கிறான். மூத்தவனாக இருந்தும் தோல்நோயால் அரசு இழந்த தேவாபியைச் சொல்கிறான். அங்கக் குறையால் எனக்கும் அரசு இல்லாமல் போனது, எனக்கே இல்லாத அரசுக்கு நீ எப்படி ஆசைப்படலாம் என்று மகனைக் கேட்கிறான். பல ஆண்டுகளுக்கு முன் நாற்சந்தியில் மக்கள் பேசி, மகன் ஓடிவந்து முறையிட்டபோது, தந்தை சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அன்று அவன் சொன்னது, எனக்கும் அதே எண்ணம்தான், பாவம் என்பதால் வெளியே சொல்லவில்லை என்பது. அந்த ஒரு சொல்லை நம்பி மகன் அரக்கு மாளிகை கட்டினான், சூதாடினான், பதின்மூன்று ஆண்டு ஆண்டான். உண்மையைத் தந்தை முழுதாகச் சொன்ன அன்று பதினோரு அக்குரோணிச் சேனை அவனுக்காகத் திரண்டு நின்றது. கண் சிவக்க எழுந்து அவன் சபையைவிட்டு வெளியே போனான். அவனுக்காக உயிர்விடத் துணிந்த மன்னர்கள் பின்னாலேயே போனார்கள்.